ஆன்டிபயாட்டிக் முடிஞ்ச பிறகும் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் தொடரணுமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். என் மாமியாருக்கு 68 வயசு. பல் வேர்ல சீழ் கட்டி, பல் டாக்டர் அமாக்சிசிலின்-கிளாவுலனிக் ஆசிட் மாத்திரை ஒரு வாரத்துக்கு எழுதினாங்க. கூடவே ஒரு புரோபயாட்டிக் கேப்ஸ்யூல், அதான் குடலுக்கு நல்லதுன்னு சொல்ற உயிருள்ள கிருமி அடைச்சது. நடுவுல கொஞ்சம் வயிறு இளகிப் போச்சு, தானா சரியாயிடுச்சு. மாத்திரையும் முடிஞ்சது, பல்லும் தேறிடுச்சு.

இப்ப கொழுந்தனார் ஆன்லைன்ல ஒரு டப்பா வரவழைச்சுக் கொடுத்திருக்கார். ஒரு கேப்ஸ்யூல்ல 5,000 கோடி உயிருள்ள பாக்டீரியா, 16 வகைன்னு போட்டிருக்கு. மாசத்துக்கு 1,800 ரூபா. வயசானா குடல்ல நல்ல கிருமி குறைஞ்சிடும், இனிமே தினமும் போடணும்னு சொல்றார். அத்தைக்குச் சர்க்கரையும் இருக்கு, பிரஷரும் இருக்கு. காலையில மாத்திரைன்னாலே முகம் சுளிக்கிறாங்க. மூணு வேளையும் மோர், தயிர் இல்லாம சாப்பாடு இறங்காது அவங்களுக்கு. இந்த டப்பா உண்மையிலேயே தேவையா? அவர் பாசத்துல செய்றார், அதனால "வேண்டாம்"னு சொல்ல எனக்கு ஒரு காரணம் கையில வேணும். வேணும்னா அதுக்கும் காரணம் வேணும்.

ஓட்டக்காரன்:
மேடம், தாராளமா கொடுங்க. நோய் எதிர்ப்புச் செல்கள்ல பெரும்பகுதி குடலைச் சுத்தித்தான் இருக்கு. நான் மாரத்தான் பயிற்சி எடுக்கிறவன். தினமும் ஒரு கேப்ஸ்யூல் போட ஆரம்பிச்சதுல இருந்து சளி, காய்ச்சல்னு படுத்ததே இல்லை. இயற்கையான பொருள்தான, கெடுதல் ஒண்ணும் வராது.

கரிசல்காட்டான்:
1,800 ரூபாய்க்கு ஒரு மாசப் பாலே வாங்கிடலாம் தாயி. எங்க அப்பத்தா காலையில நீராகாரமும் சின்ன வெங்காயமும், மத்தியானம் கம்மங்கூழும் மோரும் குடிச்சு வளர்ந்தவங்க. கடைசி வரைக்கும் வயித்துக்குன்னு ஆஸ்பத்திரிப் படி ஏறினதில்லை. டப்பாவைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.

மலைக்கோட்டை மருந்தாளுநர்:
அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல மருந்துக்கடைக் கவுன்டர்ல நின்னவன் நான். "வயித்துக்கு நல்ல பாக்டீரியா மாத்திரை ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வர்றவங்ககிட்ட நான் திருப்பிக் கேட்கிறது: என்ன தொந்தரவுக்கு? எத்தனை நாளைக்கு? அது தெரிஞ்சாத்தான் எந்தக் கிருமி, எந்த ஸ்ட்ரெய்ன், அதாவது அந்தக் கிருமிக்குள்ள எந்தத் தனி ரகம்னு பார்க்க முடியும். பல் டாக்டர் எழுதினதுல இதெல்லாம் இருந்தது. ஆன்டிபயாட்டிக்கால வயிறு போகாம இருக்கணும், ஒரு வாரம், இந்தக் கேப்ஸ்யூல். கொழுந்தனார் டப்பாவுல இதுல ஒண்ணுகூட இல்லை. தொந்தரவு இல்லை, முடிவு தேதியும் இல்லை.

நம்ம ஊர்க் கடைகள்ல அதிகம் போறது என்னென்னன்னு சொல்றேன். 5 மில்லி பிளாஸ்டிக் குப்பியில வர்ற எண்டெரோஜெர்மினா: பேசில்லஸ் கிளாசியை, ஒரு குப்பியில 200 கோடி ஸ்போர். ஸ்போர்ங்கிறது கிருமி உறங்குநிலையில ஓடு கட்டிக்கிட்டு இருக்கிறது. அதனால சூடும் வயித்து அமிலமும் தாங்கும், ஃபிரிட்ஜ் வேண்டாம். அடுத்தது எகோநார்ம் மாதிரி சாஷே: சாக்கரோமைசஸ் பௌலார்டி, 250 மில்லிகிராம். இது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. ஆனா பூஞ்சைக்குக் கொடுக்கிற ஃப்ளூகோனசோல் கொன்னுடும், ரெண்டையும் சேர்த்துப் போடுறதுல அர்த்தம் இல்லை. அப்புறம் பைஃபிலாக், ஸ்போர்லாக் மாதிரி நம்ம நாட்டுலயே ரொம்ப காலமா இருக்கிறவை. அட்டையில "லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்"னு பழைய பேர் பார்த்திருப்பீங்க. அதோட சரியான பேர் பேசில்லஸ் கோயாகுலன்ஸ். இவை ஒவ்வொண்ணையும் தனித்தனியா சோதிச்சுத்தான் பார்க்கணும். ஒண்ணு வேலை செஞ்சா மத்ததும் செய்யும்னு எடுத்துக்க முடியாது.

ஆன்டிபயாட்டிக் வயித்துப்போக்குக்கு என்ன ஆதாரம்? குழந்தைங்ககிட்ட நல்ல ஆதாரம் இருக்கு. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசுற காக்ரேன் அமைப்போட 2019 தொகுப்பு 33 ஆய்வு, 6,352 குழந்தைகளைப் பார்த்தது. புரோபயாட்டிக் எடுக்காதவங்கள்ல 19 சதவீதம் பேருக்கு வயிறு போச்சு, எடுத்தவங்கள்ல 8 சதவீதம். அதுலயும் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜியும் அந்த ஈஸ்ட்டும்தான் முன்னாடி நிக்குது, ஒரு நாளைக்கு 500 கோடில இருந்து 4,000 கோடி வரைக்கும். பெரியவங்க கதை வேற. 2013-ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வு, 65 வயசுக்கு மேல ஆஸ்பத்திரியில படுத்திருந்த 2,941 பேர். புரோபயாட்டிக் எடுத்தவங்கள்ல 10.8 சதவீதம் பேருக்கு வயித்துப்போக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவங்கள்ல 10.4. வித்தியாசமே இல்லை. வேற சில ஆய்வுல பெரியவங்களுக்கும் கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு. அதனால அந்த ஒரு வாரத்துக்குப் பல் டாக்டர் எழுதினதை நான் தப்பு சொல்லமாட்டேன். அதோட அதன் வேலை முடிஞ்சது.

இன்னொண்ணு, அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்க. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயோட 14 இலக்க உரிம எண்ணும், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ங்கிற வாசகமும் இங்கிலீஷ்ல இருக்கும். 2016 விதிகள்படி உணவுச் சேர்க்கையா விக்கிற பொருள் அது. விக்கிறதுக்கு முன்னாடி மருந்து மாதிரி நோயாளிங்ககிட்ட சோதிச்சு நிரூபிக்கணும்னு அதுக்குக் கட்டாயம் கிடையாது.

வைகைக்கரை:
பார்த்துட்டேன் ஐயா, நீங்க சொன்ன வாசகம் அப்படியே இருக்கு. கொழுந்தனார் கேட்கப் போற கேள்வி எனக்கு இப்பவே தெரியும்: ஆன்டிபயாட்டிக் நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னிருக்கும்ல, அதைத் திரும்ப நிரப்ப வேண்டாமா?

தயிர்ச்சாடி:
அக்கா, இதுக்கு நான் பதில் சொல்றேன். உணவு நுண்ணுயிரியல் படிச்சிட்டு கோயமுத்தூர்ல ஒரு பால் பதன ஆய்வகத்துல வேலை பார்க்கிறேன்.

"நிரப்புறது"ங்கிறதை நேரடியாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. இஸ்ரேல்ல வைஸ்மன் நிறுவனத்து ஆளுங்க 2018-ல செல் இதழ்ல வெளியிட்ட ஆய்வு. 21 ஆரோக்கியமான பேருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாங்க. ஒரு கூட்டத்துக்கு 11 ஸ்ட்ரெய்ன் கலந்த புரோபயாட்டிக். இன்னொரு கூட்டத்துக்கு, மருந்துக்கு முன்னாடியே எடுத்து வச்ச அவங்கவங்க மலத்துல இருந்த கிருமிகளையே திருப்பிக் குடலுக்குள்ள விட்டாங்க. மூணாவது கூட்டத்துக்கு ஒண்ணும் கொடுக்கலை. தன் கிருமியே திரும்பக் கிடைச்சவங்க சில நாள்லயே பழைய நிலைக்கு வந்துட்டாங்க. ஒண்ணும் எடுக்காதவங்க சில வாரத்துல வந்தாங்க. புரோபயாட்டிக் எடுத்தவங்கதான் கடைசி. வெளியில இருந்து வந்த கிருமி இடம் பிடிச்சுக்கிட்டு, வீட்டுக் கிருமி திரும்பி வர்றதை மாசக்கணக்குல தாமதப்படுத்திச்சு.

சின்ன ஆய்வுதான். இதை வச்சு எல்லா புரோபயாட்டிக்கும் கெடுதல்னு சொல்லமுடியாது, அந்த 11 ஸ்ட்ரெய்ன் கலவை வேற, உங்க டப்பா வேற. ஆனா "காலியான இடத்தை நிரப்புது"ங்கிற விளம்பரப் படம் இருக்கே, அது இந்த ஆய்வுல நிக்கலை. பெரும்பாலான புரோபயாட்டிக் குடல்ல குடியேறாது. போடுறவரைக்கும் இருக்கும், நிறுத்தினா சில நாள்ல மலத்தோட போயிடும். அந்தப் போக்குலயே சில ஸ்ட்ரெய்ன் நல்ல வேலை செய்யும், அதை மறுக்கலை.

கரிசல்காட்டான் அண்ணனுக்கு ஒரு விஷயம். தயிர், மோர், பழைய சோறு எல்லாம் எனக்கும் உயிர். ஆனா இவையெல்லாம் அப்படியே "புரோபயாட்டிக்" ஆகிடாது. 2001-ல உலக சுகாதார நிறுவனமும் ஐநா உணவு நிறுவனமும் சேர்ந்து கூட்டின நிபுணர் குழு வகுத்தது இது: உயிரோட இருக்கணும், போதுமான அளவு இருக்கணும், உடம்புக்கு நன்மை செய்யுதுன்னு காட்டியிருக்கணும். உறை மோர் வீட்டுக்கு வீடு வேற. அதுல என்ன ஸ்ட்ரெய்ன், எவ்வளவுன்னு யாரும் எண்ணினதில்லை. இன்னொண்ணு, புளிக்க வச்சதெல்லாம் உயிரோட வாய்க்கு வர்றதில்லை. இட்லி மாவுல லூக்கோநாஸ்டாக் கிருமி கோடிக்கணக்குல இருக்கும், ஆவியில வெந்ததும் எல்லாம் செத்துடும். மோர்க்குழம்பும் அப்படித்தான். இட்லி நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனா அது உயிருள்ள கிருமிக்காக இல்லை. மாவு புளிக்கும்போதே தானியத்துல இருக்கிற ஃபைடிக் அமிலம் குறையுது, அதனால இரும்பு, துத்தநாகம் உடம்புல சேர்றது எளிதாகுது.

கரிசல்காட்டான்:
தம்பி, நீ படிச்சவன், ஒத்துக்கிறேன். ஆனா எண்ணாதது எல்லாம் இல்லைன்னு ஆகிடுமா? பழைய சோத்தைப் பத்தி சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே குடல் டாக்டருங்க ஆராய்ச்சி பண்றாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே.

தயிர்ச்சாடி:
ஆமாண்ணே, ஸ்டான்லில பண்றாங்க, குடல் அழற்சி நோய்க்காரங்களை மனசுல வச்சு. அது நடக்கட்டும்னு நானும் ஆசையா இருக்கேன். நம்ம சாப்பாட்டை நாமளே எண்ணிப் பார்த்தாத்தான் உண்டு. உங்க பக்கம் பேசுற ஒரு ஆய்வையும் சொல்றேன். 2021-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 36 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு நார்ச்சத்து நிறைய, இன்னொரு பாதிக்குத் தயிர், கெஃபிர், கிம்ச்சி, கொம்புச்சா மாதிரி புளித்த உணவு நிறைய, 10 வாரம் கொடுத்தாங்க. புளித்த உணவு சாப்பிட்டவங்க குடல்ல கிருமி வகைகள் கூடிச்சு, ரத்தத்துல அழற்சிக் குறியீடுகள் குறைஞ்சது. வகை கூடினது வந்த கிருமிகளால மட்டும் இல்லை, வேற கிருமிகளும் தலையெடுத்திருக்கு. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுல தெரியுது. தயிர்ல கால்சியம் இருக்கு, புரதம் இருக்கு, புளிக்கும்போது உண்டாகிற அமிலம் இருக்கு. கேப்ஸ்யூல்ல கிருமி மட்டும்தான்.

ஆக, வைகைக்கரை அக்கா வீட்டுல மூணு வேளையும் மோர் ஓடுதுன்னா அது ஓடட்டும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கடையில சின்ன பாட்டில்ல விக்கிற புரோபயாட்டிக் பால் பானங்கள்ல சர்க்கரை சேர்த்திருக்கும். யாகுல்ட் 65 மில்லி பாட்டில்ல ஷிரோட்டா ஸ்ட்ரெய்ன் 650 கோடி இருக்கு. 1930-ல மினோரு ஷிரோட்டாங்கிற ஜப்பான் விஞ்ஞானி பிரிச்செடுத்த கிருமி. கல்கத்தா குடிசைப்பகுதிகள்ல 3,758 குழந்தைகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்ததுல வயித்துப்போக்கு 14 சதவீதம் குறைஞ்சதாவும் 2011-ல ஆய்வு வந்திருக்கு. ஆனா அது ஒண்ணுல இருந்து அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு, சுத்தமான தண்ணி கிடைக்காத இடத்துல. அத்தையோட நிலைமை அது இல்லை.

ஓட்டக்காரன்:
அப்ப நான் தினமும் போடுறது வீண்ங்கிறீங்களா? எனக்குச் சளி பிடிக்கலைங்கிறது உண்மை.

மலைக்கோட்டை மருந்தாளுநர்:
தம்பி, சளி விஷயத்துல சின்னதா பலன் இருக்கலாம்னு சொல்ற ஆய்வுகள் உண்டு. சில ஸ்ட்ரெய்ன்களுக்கு, சளி வர்ற தடவை கொஞ்சம் குறையுதுன்னு. நீங்க ஓட்டப் பயிற்சியும் எடுக்கிறீங்க, தூக்கம் ஒழுங்காயிருக்கும், சாப்பாடு மாறியிருக்கும். எது வேலை செஞ்சதுன்னு பிரிக்க முடியாது. உங்களுக்குப் பிடிச்சிருக்கு, உடம்பு நல்லா இருக்கு, காசும் இருக்கு, போடுங்க. ஆனா "கெடுதல் வராது"ன்னு 68 வயசுக்காரங்களுக்குச் சொல்றப்போ கவனமா இருக்கணும்.

நெதர்லாந்துல கணைய அழற்சி முத்தினவங்களுக்குப் புரோபயாட்டிக் கொடுத்த ஆய்வு ஒண்ணு 2008-ல லான்செட்ல வந்தது. நல்லது நடக்கும்னு நம்பித்தான் ஆரம்பிச்சாங்க. எடுத்தவங்கள்ல 24 பேர் இறந்தாங்க, எடுக்காதவங்கள்ல 9 பேர். மருத்துவ உலகத்தையே உலுக்கின ஆய்வு அது. அந்த ஈஸ்ட் சாஷேவும் அப்படித்தான். பெரிய ரத்தக்குழாய்ல லைன், அதாவது மருந்து ஏத்துற குழாய், போட்டிருக்கிற நோயாளி பக்கத்துல அதைப் பிரிக்கவே கூடாதுன்னு எச்சரிக்கை இருக்கு. தூள் கையில ஒட்டி, லைன் வழியா ரத்தத்துக்குள்ள போயிருக்கு. வீட்டுல நடமாடுற ஆரோக்கியமான ஆளுக்கு இது நடக்கிறது ரொம்ப அபூர்வம். ஆனா கீமோ எடுக்கிறவங்க, உறுப்பு மாத்தினவங்க, ஐசியூல இருக்கிறவங்க வீட்டுல "இயற்கைதான"ன்னு யாரும் வாங்கிக் கொடுத்துடக் கூடாது. இது எனக்கு ரொம்ப முக்கியம், அதனால அழுத்திச் சொல்றேன்.

பொன்னி:
என் அனுபவத்தையும் சொல்லலாம்னு வந்தேன். ஓஎம்ஆர்ல ஐடி வேலை, நைட் ஷிஃப்ட். ரொம்ப நாளா வயித்து உப்பசம், வலி, சில நாள் மலச்சிக்கல், சில நாள் மீட்டிங் நடுவுலயே ஓடணும். குடல் டாக்டர் ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, சீலியாக் டெஸ்ட் எல்லாம் பார்த்துட்டு ஐபிஎஸ், அதாவது எரிச்சல் குடல் நோய்னு சொன்னாங்க. அயர்லாந்துல இருக்கிற அண்ணன் ஒரு புரோபயாட்டிக் அனுப்பினான், பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் 35624-னு போட்டிருக்கு. அது போட ஆரம்பிச்சு கொஞ்ச வாரத்துல உப்பசம் நிஜமாவே குறைஞ்சது. சாயங்காலம் ஆனா சுடிதார் நாடாவைத் தளர்த்தணும்ங்கிற நிலைமை போச்சு. இதெல்லாம் மனப்பிரமைன்னு யாராவது சொன்னா எனக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா அங்கிருந்து வரவழைக்கிற செலவு தாங்கலை. இங்க கிடைக்கிற 25 வகை கலந்த ஒண்ணுக்கு மாறலாமா?

தயிர்ச்சாடி:
மனப்பிரமைன்னு நான் சொல்லமாட்டேங்க. அந்த 35624 அயர்லாந்துல கார்க் நகரத்து ஆராய்ச்சியில இருந்து வந்த ஸ்ட்ரெய்ன், ஐபிஎஸ்ஸுக்குன்னே சோதிச்சது. 2006-ல 362 பெண்கள்கிட்ட மூணு அளவுல கொடுத்துப் பார்த்தாங்க: 10 லட்சம், 10 கோடி, 1,000 கோடி. பலன் கொடுத்தது நடு அளவு, 10 கோடி. 1,000 கோடி போட்ட கேப்ஸ்யூல் உள்ள ஈரம் பட்டதும் பசை மாதிரி கட்டிக்கிட்டு, கிருமி சரியா வெளிய வரவே இல்லைன்னு பிறகு கண்டுபிடிச்சாங்க. எண்ணிக்கை கூடினா பலன் கூடும்னு நினைக்கிறவங்க எல்லாரும் இந்த ஆய்வைத் தெரிஞ்சுக்கணும். உணவுச் சேர்க்கைக்கு நம்ம எஃப்எஸ்எஸ்ஏஐ கேட்கிற குறைந்தபட்ச அளவும் ஒரு நாளைக்கு 10 கோடிதான். 5,000 கோடி, 10,000 கோடின்னு அட்டையில எழுதுறது கண்ணுக்குத்தான்.

25 வகை கலந்த ஒண்ணுக்கு மாறினா, ஆய்வுல சோதிச்ச ஒண்ணை விட்டுட்டு சோதிக்காத ஒண்ணுக்குப் போறீங்க. அதுல "லாங்கம்"னு பேர் இருந்தாலும் 35624 இல்லைன்னா அது வேற ஆள். இன்னொரு விஷயம், இப்படிக் கலவைகள்ல எஃப்ஓஎஸ், இனுலின்னு நார்ப்பொருள் சேர்த்திருப்பாங்க. கிருமிக்குத் தீனின்னு. ஐபிஎஸ் இருக்கிற பல பேருக்கு அதுவே வாயுவைக் கிளப்பும். வெங்காயம், பூண்டு கூட இதே காரணத்தாலதான் உங்களுக்குத் தொந்தரவு தந்திருக்கும், கவனிச்சுப் பாருங்க.

மலைக்கோட்டை மருந்தாளுநர்:
பொன்னிம்மா, ஐபிஎஸ்ல டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து இல்லை, அதையும் தெரிஞ்சு வச்சுக்குங்க. பிரிட்டன் குடல் மருத்துவச் சங்கம் 2021-ல, விரும்புறவங்க 12 வாரம் வரைக்கும் ஒரு புரோபயாட்டிக் போட்டுப் பார்க்கலாம், பலன் இல்லைன்னா நிறுத்திடணும்னு சொல்லுது. அமெரிக்கக் குடல் மருத்துவர்களோட அமைப்பான ஏசிஜி அதே 2021-ல, ஐபிஎஸ்ஸுக்கு வேண்டாம்னு பரிந்துரைக்குது. ஒரே ஆய்வுகளைத்தான் ரெண்டு பேரும் படிச்சாங்க. ஐபிஎஸ் தானாவே ஏறி இறங்குற தொந்தரவு, வெறும் மாத்திரைக்கே கணிசமான பேருக்குக் குறையும்.

உங்களுக்கு நான் சொல்றது: கையில இருக்கிறது தீர்ந்ததும் நிறுத்திப் பாருங்க. ஒரு நோட்டுல வலி, உப்பசம், எத்தனை தடவை போனீங்கன்னு எழுதுங்க. தொந்தரவு திரும்பி வந்து, மறுபடி போட்டதும் குறைஞ்சா, அந்தச் செலவு உங்களுக்கு நியாயம். வராமலே இருந்தா காசு மிச்சம். எடை குறைஞ்சாலோ, மலத்துல ரத்தம் போனாலோ, ராத்திரி தூக்கத்துல வயித்துப்போக்கு எழுப்பினாலோ, ரத்தசோகை வந்தாலோ இந்த நோட்டு, கேப்ஸ்யூல் எல்லாத்தையும் ஓரமா வச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க. ஐபிஎஸ்னு பேர் வச்சாச்சுன்னு எல்லாத்தையும் அது மேல போடக்கூடாது.

பொன்னி:
நன்றி ஐயா. நிறுத்திப் பார்க்கணும்னு யாருமே சொன்னதில்லை. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டுச் செய்றேன்.

வதனி:
யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்ர மகனுக்கு ரெண்டரை வயசு. நேற்று இரவில இருந்து வயித்தோட்டம், ரெண்டு தரம் சத்தியும் எடுத்தவன். ஜீவனி எண்ட ஓஆர்எஸ் உப்புச் சீனித் தூளைக் கரைச்சுக் குடுத்துக்கொண்டிருக்கிறன். பாமசியில நல்ல பற்றீரியா இருக்கிற மருந்தெண்டு சின்னப் போத்தல் தந்தவை. அதைக் குடுக்கலாமோ? அதைக் குடுத்தா ஜீவனியை நிப்பாட்டலாமோ?

செவிலி:
வதனி, ஜீவனியை நிறுத்தவே கூடாதும்மா. 20 வருஷமா குழந்தைகள் வார்டுல வேலை செய்ற நர்ஸ் நான். குழந்தை வயித்துப்போக்குல உயிர் போறது தண்ணியும் உப்பும் வத்திப் போறதாலதான். 1971-ல வங்காளதேச அகதிங்க வந்து நிறைஞ்ச போன்காவ் முகாம்ல காலரா. நரம்புல ஏத்துற சலைன் தீர்ந்து போச்சு. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியை டிரம்ல கரைச்சு, சொந்தக்காரங்க கையாலயே குடிக்க வச்சார். 30 சதவீதம் வரைக்கும் போன சாவு 4 சதவீதத்துக்கும் கீழ இறங்கிச்சு. உங்க கையில இருக்கிற பொட்டலம் அதோட பிள்ளைதான்.

பொட்டலத்துல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ அவ்வளவுலதான் கரைக்கணும், கொதிக்க வச்சு ஆறின தண்ணி. ஒவ்வொரு தடவை போனதும் கொடுங்க. வாந்தி எடுத்தா ஒரு பத்து நிமிஷம் விட்டுட்டு, கரண்டி கரண்டியா மறுபடி. தாய்ப்பால், கஞ்சி, சோறு எதையும் நிறுத்த வேண்டாம். அடுத்தது ஜிங்க். எங்க அரசு ஆஸ்பத்திரிகள்ல ஆறு மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள், வயிறு நின்ன பிறகும் தொடர்ந்து கொடுப்போம். உங்க ஊர் டாக்டர்கிட்ட கேட்டு அங்கத்த அளவைக் கொடுங்க.

அந்தச் சின்னப் போத்தல்: கொடுத்தா ஆரோக்கியமான குழந்தைக்குப் பெரும்பாலும் கெடுதல் இல்லை, ஆனா அதுமேல நம்பிக்கை வைக்காதீங்க. 2018-ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் ரெண்டு பெரிய ஆய்வு, ஒண்ணுல 971 குழந்தைங்க, இன்னொண்ணுல 886. அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைங்களுக்கு புரோபயாட்டிக் கொடுத்தும் வயித்துப்போக்கோட கடுமை, நாள் கணக்கு எதுவும் குறையலை. அவங்க சோதிச்சது குறிப்பிட்ட சில ஸ்ட்ரெய்னைத்தான், உங்க போத்தல்ல இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியாது. வாங்கக் காசு குறைவுன்னா முதல்ல ஜீவனி, அடுத்தது ஜிங்க். போத்தல் மூணாவதுதான்.

மூத்திரம் ஆறு மணி நேரமா போகலை, கண்ணு குழி விழுந்திருக்கு, அழுதா கண்ணீர் இல்லை, சுணங்கிப் படுத்தே இருக்கான், மலத்துல ரத்தம், குடிச்சதெல்லாம் வாந்தி: இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ராத்திரின்னு காத்திருக்காதீங்க.

வதனி:
மெத்தப் பெரிய உதவி அக்கா. இப்ப மூத்திரம் போனவன், கஞ்சியும் கொஞ்சம் குடிச்சவன். ஜிங்க் குளிசைக்கு விடிய டொக்டரிட்ட கூட்டிக்கொண்டு போறன்.

கரிசல்காட்டான்:
எங்க ஊர்ப் பெட்டிக்கடையில ஓஆர்எஸ்னு பேர் போட்டு ஆரஞ்சு ஜூஸ் டப்பா விக்கிறான். அதுவும் இதுவும் ஒண்ணுதானாம்மா?

செவிலி:
இல்லைங்கண்ணா. அதுல சர்க்கரை ஏகத்துக்கும் கூட, உப்பு போதாது. அதிகச் சர்க்கரை குடல்ல தண்ணியை இன்னும் இழுக்கும், வயித்துப்போக்கு கூடும். 2025 அக்டோபர்ல எஃப்எஸ்எஸ்ஏஐ அப்படிப்பட்ட பானங்கள்ல ஓஆர்எஸ்ங்கிற பேரையே போடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. பழைய சரக்கு இருந்தா வாங்காதீங்க. மருந்துக்கடையில தூள் பொட்டலம் கேளுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம்.

வைகைக்கரை:
கொழுந்தனார்கிட்ட இழையையே படிக்கக் கொடுத்தேன். ஒரு சங்கடமும் இல்லாம ஒத்துக்கிட்டார். அத்தைக்குக் கடைசியா எடுத்த ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட்டோட சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போறோம், அந்த 1,800-ல பாதி அங்க ஆகும். பிரிக்காத டப்பா ஒண்ணு மீதி இருக்கு, அடுத்த தடவை ஆன்டிபயாட்டிக் போடும்போது பயன்படுமேன்னு அவர் கேட்கிறார்.

மலைக்கோட்டை மருந்தாளுநர்:
வச்சிருக்க வேண்டாம்மா. அட்டையில எழுதின எண்ணிக்கை தயாரிச்ச அன்னைக்கா, காலாவதி தேதி வரைக்குமான்னு பாருங்க. நிறைய டப்பாக்கள்ல அதைச் சொல்லியே இருக்கமாட்டாங்க. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோ வகையெல்லாம் ஸ்போர் கட்டாதவை, சூட்டுல மடியும். மதுரைச் சித்திரை வெயில்ல கூரியர் வண்டியில எத்தனை நாள் கிடந்துச்சோ. அடுத்த தடவை தேவைப்பட்டா டாக்டர் எழுதுறதை அன்னைக்கு வாங்கிக்கலாம். பாக்டீரியா வகையா இருந்தா ஆன்டிபயாட்டிக்குக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லுங்க. திருப்பி எடுத்துக்குவாங்கன்னா திருப்பிடுங்க.

நொய்யல்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், அவசரம். தங்கச்சிக்கு 31 வாரத்துலயே குழந்தை பிறந்துடுச்சுங்க, 1.3 கிலோ. இங்க ஒரு ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தைங்க வார்டுல வச்சிருக்காங்க. ஒடிசாவுல பிறந்த குழந்தைங்களுக்கு புரோபயாட்டிக் கொடுத்து சாவைக் குறைச்சாங்கன்னு மாப்பிள்ளை எங்கயோ படிச்சிட்டு, டிராப்ஸ் ஆர்டர் போட்டுட்டாருங்க. பால் கொடுக்கும்போது ரெண்டு சொட்டு விட்டுடலாம்ங்கிறார். சரிங்களா?

செவிலி:
தம்பி, வேண்டாம். மாப்பிள்ளைகிட்ட இப்பவே பேசுங்க.

அவர் படிச்சது உண்மையான ஆய்வுதான், நம்ம நாட்டுப் பெருமைன்னே சொல்லலாம். 2017-ல நேச்சர் இதழ்ல வந்தது. ஒடிசா கிராமங்கள்ல 4,556 குழந்தைங்க. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம்ல ஒரு குறிப்பிட்ட ஸ்ட்ரெய்னை எஃப்ஓஎஸ் கூடச் சேர்த்து ஏழு நாள் கொடுத்தாங்க. ரத்தத்துல கிருமித்தொற்று அல்லது சாவு, கொடுக்காதவங்கள்ல 9 சதவீதம், கொடுத்தவங்கள்ல 5.4. ஆனா அந்தக் குழந்தைங்க எல்லாம் 35 வாரம் தாண்டினவங்க, 2 கிலோவாவது இருந்தவங்க, தாய்ப்பால் குடிச்சுக்கிட்டு வீட்டுல இருந்தவங்க. உங்க தங்கச்சி குழந்தை அந்தக் கூட்டத்துல இல்லை. மாப்பிள்ளை ஆர்டர் போட்ட டிராப்ஸும் அந்த ஸ்ட்ரெய்ன்தானான்னு பாருங்க.

1.3 கிலோக் குழந்தையோட குடல் சுவர் இன்னும் முதிரலை. உள்ள போற கிருமி ரத்தத்துக்குத் தாண்டிடலாம். அமெரிக்காவுல 2023-ல இப்படி ஒரு குறைமாசக் குழந்தை, கொடுத்த புரோபயாட்டிக் கிருமியே ரத்தத்துல பரவி இறந்து போச்சு. அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிச்சு. மறுபக்கமும் இருக்கு: குறைமாசக் குழந்தைங்களுக்கு குடல் அழுகிப் போற என்இசிங்கிற கொடுமையான நோயைச் சில ஸ்ட்ரெய்ன் குறைக்குதுன்னு ஆய்வுகள் இருக்கு. சில யூனிட்டுல டாக்டர்களே தேர்ந்தெடுத்து, எந்தக் கிருமின்னு தெரிஞ்ச, தரம் பார்த்த மருந்தா, கண்காணிப்புல கொடுக்கிறாங்க. அது யூனிட் எடுக்கிற முடிவு. வெளியில இருந்து சொட்டு மருந்து உள்ள போனா, நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா எதனாலன்னுகூட டாக்டருக்குத் தெரியாமப் போயிடும்.

காலையில ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: இங்க புரோபயாட்டிக் கொடுக்கிறீங்களா, எங்க குழந்தைக்கு உண்டா? கேட்கிறதுக்குத் தயங்கவே வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு ஏதாவது செய்யணும்னு துடிப்பு இருக்கும், அது புரியுது. அவருக்கு ஒரு வேலை கொடுங்க. தங்கச்சி ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து, பால் பிழிஞ்சு கொடுக்கணும். என்இசி வராம தடுக்கிறதுல தாய்ப்பால்தான் முதல் இடம், சீம்பால் ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, யூனிட்ல கொடுக்கிற கிண்ணத்தை வாங்கி, பேர், தேதி, நேரம் எழுதிக் கொண்டுபோய் சேர்க்கட்டும். தங்கச்சிக்குப் பால் ஊறலைன்னா அந்த ஆஸ்பத்திரியிலயோ பக்கத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரியிலயோ தாய்ப்பால் வங்கி இருக்கான்னு கேளுங்க. கங்காரு முறையில நெஞ்சோட அணைச்சு வைக்க அனுமதிச்சாங்கன்னா, அப்பாவும் அதைச் செய்யலாம்.

நொய்யல்:
அவர்கிட்ட பேசிட்டேனுங்க. டிராப்ஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகமாட்டேன்னு சொல்லிட்டார். தங்கச்சிக்கு இன்னைக்கு அஞ்சு மில்லிதான் வந்திருக்கு, அதுவும் போதுமாங்க?

செவிலி:
இப்போதைக்கு அது நிறைய தம்பி. 1.3 கிலோக் குழந்தைக்கு முதல் நாள்கள்ல ஒரு தடவைக்கு ஒண்ணு ரெண்டு மில்லிதான் கொடுப்போம். தங்கச்சிகிட்ட இதைச் சொல்லுங்க, பயம் குறைஞ்சாலே பால் கூடும்.